மொராக்கோவில் சர்ஃபிங்: எந்த ஊரில் தங்கலாம், எந்த மாதம் போகலாம்?

சென்னையை அடுத்த கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ இலங்கையின் அறுகம்குடாவிலோ சர்ஃபிங் பழகியவர்கள், நுரை அலையில் எழுந்து நிற்பதைத் தாண்டி, உடையாத அலையைத் தாமே பிடிக்கத் தொடங்கியதும் அடுத்து எங்கே போகலாம் என்று தேட ஆரம்பிப்பார்கள். பாலி, மாலத்தீவு என்று போகும் அந்தப் பட்டியலில் மொராக்கோவும் கட்டாயம் வரும். அந்த நாட்டின் அட்லாண்டிக் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. ஊருக்கு ஊர் அலை மாறும், காற்று மாறும், கடலின் அடியும் மாறும். பொருந்தாத ஊரில் பொருந்தாத மாதத்தில் அறை எடுத்துவிட்டால், செலவழித்த பணத்துக்குக் கரையில் நின்று மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

வட ஆப்பிரிக்காவில் மொராக்கோவை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அல்ஜீரியா, துனிசியா, எகிப்து ஆகியவற்றின் வடகரைகள் மத்தியதரைக் கடலைப் பார்த்தவை. அங்கே காற்று அடித்தால் அலை எழும், காற்று நின்றால் சீக்கிரமே அடங்கிவிடும். அகன்ற பெருங்கடலில் பல நாள் பயணம் செய்து வரும் ஒழுங்கான அலை வேண்டுமென்றால் அட்லாண்டிக் பக்கம்தான் போக வேண்டும்.

ஊர்களை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. கடல் நமக்கு மீறிப் பெரிதாகிவிட்ட நாளிலும், அலையே இல்லாமல் சப்பென்று கிடக்கும் நாளிலும், எட்டிப் போகக்கூடிய தூரத்தில் நம்மால் ஏறக்கூடிய வேறொரு அலை இருக்கிறதா? இருந்தால் அந்த ஊரில் தங்கலாம். ஒரே ஒரு பெயர்பெற்ற அலையை நம்பி ஓர் ஊரில் வாரக்கணக்கில் இருக்கக் கூடாது.

ஊருக்கு முன்னால் மாதத்தை முடிவுசெய்துவிடுங்கள். வட அட்லாண்டிக்கில், ஐஸ்லாந்து கிரீன்லாந்துப் பக்கம், குளிர்காலத்தில் அடுத்தடுத்து உருவாகும் புயல்கள்தான் மொராக்கோவுக்கு அலை அனுப்புகின்றன. அதனால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் பருவம். அறுகம்குடாவின் பருவமோ ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்குகிறது. உங்களுக்கு விடுப்பு கிடைப்பது மே முதல் ஆகஸ்ட் வரைக்குள்தான் என்றால் மொராக்கோவைத் தள்ளிவைத்துவிட்டு அறுகம்குடாவுக்கே போங்கள். கோடையில் மொராக்கோ கரையில் அலை சிறுத்துவிடும், வடக்கிலிருந்து காற்று விடாமல் வீசும், பகலில் பல ஊர்களைக் கடல்மூட்டம் மூடிக்கிடக்கும்.

பருவத்துக்குள்ளேயும் வித்தியாசம் பெரிது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அலை உச்சத்தில் இருக்கும். அலைக்கு அலை 14, 16 விநாடி இடைவெளியோடு வரும் கனத்த வரிசைகள். முன்னறிவிப்பில் இரண்டு மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்மூர்க் கணக்கில் எடைபோடக் கூடாது. இடைவெளி கூடக்கூட, அதே உயரத்துக்கு அலை சுமந்துவரும் சக்தியும் கூடும். கோவளத்தில் எட்டு விநாடி இடைவெளியில் பழகிய கைகளுக்கு அந்த நீரின் எடை புதிது. அக்டோபரும் நவம்பர் முதல் பாதியும் மிதமானவை. அலை இருக்கும், நடுவே சிறிய நாட்களும் வரும், தண்ணீர் 20 டிகிரி அளவில் இருக்கும். மார்ச்சும் நல்ல மாதம்தான், ஆனால் ஏப்ரலை நெருங்க நெருங்கக் காற்று தலைகாட்டத் தொடங்கும். நடுத்தர நிலையில் இருப்பவர் முதல்முறை போக அக்டோபர் கடைசி வாரத்தையும் நவம்பர் முதல் வாரங்களையுமே சொல்வேன். பாறை முனையில் உடைந்து கரையோரமாக நீண்டு ஓடும் முனை அலைகளில் நன்றாகத் தேறியவர் மட்டும் ஜனவரியைப் பார்க்கலாம்.

பிப்ரவரி, மார்ச்சில் போவதானால் ரமலான் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2026-இல் பிப்ரவரி மூன்றாம் வாரம், 2027-இல் பிப்ரவரி இரண்டாம் வாரம் தொடங்கும் கணக்கு. பகலில் சிறிய சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். ஆனால் மாலையில் நோன்பு திறக்கும் நேரத்தில் ஹரீரா சூப்பும் பேரீச்சம்பழமுமாக ஊரே உட்கார்ந்திருக்கும். விருந்தினருக்கும் ஒரு கிண்ணம் நீளும். அதற்காகவே போகிறவர்கள் உண்டு.

இனி ஊர்கள். இந்தக் கரையைப் புரிந்துகொள்ள வரைபடத்தில் கீர் முனையைக் கண்டுபிடியுங்கள். அகாதிர் நகருக்கு வடமேற்கே, அட்லஸ் மலைத்தொடர் கடலில் வந்து இறங்கும் இடம் அது. வடமேற்கிலிருந்து வரும் அலை முனைக்கு வடக்கே நேராக மோதும். தெற்கே முனையைச் சுற்றி வளைந்து, சக்தி குறைந்து, சீராகி வரும். அதே முனை வடகாற்றையும் ஓரளவு தடுத்துவிடும். கரை மேற்கு நோக்கியிருப்பதால், பாறை முனைகளில் முதலில் உடையும் அலை அங்கிருந்து தெற்குப் பக்கமாக உரிந்துகொண்டே போகும். கரையைப் பார்த்துவரும் நமக்கு அது வலப்புறம். இடது காலை முன்வைத்து நிற்பவர்கள் அலையின் முகத்தைப் பார்த்தபடியே ஓடலாம். கோவளம், மாமல்லபுரம், அறுகம்குடா முனைகளிலும் வலது அலைதான். அங்கே தெற்கிலிருந்து வரும் அலை கிழக்குக் கரையில் வடக்கே ஓடுகிறது. அதனால் நம் கடலில் பழகியவர்கள் வலதுபக்க அலைக்கு ஏற்கெனவே தயாராகத்தான் போகிறார்கள்.

கீர் முனைக்குத் தெற்கே இருக்கிற தகாஸூத்தான் மொராக்கோ சர்ஃபிங்கின் தலைநகரம். அகாதிரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் மீனவ ஊர். 1960-களின் கடைசியிலிருந்தே ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பயணிகள் வேன்களில் வந்து தங்கிய இடம். ஊரின் வடக்கு எல்லையில் ஆங்கர் பாயின்ட். நல்ல நாளில் சில நூறு மீட்டர் நீளத்துக்குச் சுவர்போல ஓடும் வலது அலை. அதற்கு வடக்கே லா சோர்ஸ், மிஸ்டரீஸ், கில்லர் பாயின்ட், இன்னும் மேலே கப்பலின் துருப்பிடித்த கொதிகலன் பாறையில் கிடப்பதால் பெயர்பெற்ற பாய்லர்ஸ். ஊருக்குள்ளேயே பனோரமா. தெற்கே தம்ராக்த் பக்கம் டெவில்ஸ் ராக், பனானா பீச். இத்தனையும் ஒரே சாலையில், சில கிலோமீட்டர் இடைவெளியில். என் அளவுகோலில் இந்தப் பகுதி முந்திக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

ஆங்கர் பாயின்டில் இறங்குவது எப்படி என்பதை ஒருமுறை கரையில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முனையின் நுனிவரை போர்டோடு நடந்து, மட்டி ஒட்டிய வழுக்குப் பாறையில் நின்று, ஒரு தொகுதி அலைகள் கடந்துபோகும்வரை காத்திருப்பார்கள். கடைசி அலையின் நீர் பாறை மேல் ஏறி நிரம்பும் நொடியில் போர்டை முன்னால் போட்டு அதன்மேல் விழுந்து, அடுத்த தொகுதி வருவதற்குள் கைவலிக்கத் துழாவி வெளியே போய்விடுவார்கள். அரை நொடி தயங்கினால் நீர் வடிந்துவிடும், கீழே பாறை. உள்ளே போனபிறகும் நீரோட்டம் முனையிலிருந்து ஊர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். இருந்த இடத்தில் இருக்கவே துழாவ வேண்டும். பெரிய நாட்களில் அங்கே கூட்டமும் கெட்டிக்காரக் கூட்டம். அகாதிர்க்காரரான ரம்ஸி பூகியாம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மொராக்கோவுக்காக அலையேறினார். அவரைப் பார்த்து வளரும் பையன்கள் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை என்ற விதியை அங்கே மீறினால் பேச்சு வாங்காமல் வரமுடியாது. சிறிய நாளில், அதிகாலையில், முனையின் உட்பகுதியில் நடுத்தர நிலைக்காரருக்கும் நல்ல அலை கிடைக்கும். அதை எதிர்பார்த்துப் போகலாம். பெரிய நாளில் பார்வையாளராக இருப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

தகாஸூத்துக்கும் தம்ராக்துக்கும் இடையே எதில் அறை எடுப்பது? தகாஸூத்தில் கடலை ஒட்டியே மாடி வீடுகள். கண்விழித்ததும் அலையைப் பார்க்கலாம், நடந்தே பல இடங்களுக்குப் போகலாம். அதற்கேற்ற கூட்டமும் வாடகையும் உண்டு. தம்ராக்த் மேட்டில் இருக்கிறது, கடற்கரைக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. ஆனால் கீழே இருக்கும் கரைகளில் மணல் அதிகம், அலை மென்மை. தனியாக முனை அலை ஏறத் தெரிந்தவர் தகாஸூத்தில் தங்கட்டும். நீங்கள் இன்னும் பயிற்சியாளரோடு இறங்குகிறவர் என்றாலோ, குடும்பத்தில் ஒருவர் மட்டும் சர்ஃபிங் செய்கிறார் என்றாலோ தம்ராக்த் நல்லது. நான் தம்ராக்த் கட்சி.

அலை இல்லாத நாளுக்கு மாற்று என்ன? கீர் முனையைத் தாண்டி வடக்கே தம்ரி. திறந்த கடலைப் பார்த்த மணல் கரை, அதனால் தகாஸூத் தூங்கும் நாளிலும் அங்கே ஏதாவது இருக்கும். போகிறவர்கள் அங்குள்ள வழுக்கைத்தலை அரிவாள்மூக்கன்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். உலகில் அருகிப்போன பறவை. மொராக்கோவின் இந்தக் கரையில்தான் இயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் அதன் பெரும் கூட்டங்கள் மிஞ்சியிருக்கின்றன.

அலை மீறிப் பெரிதான நாளுக்கு மாற்று இம்சுவான். அகாதிருக்கு வடக்கே, வளைந்து வளைந்து போகும் சாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சின்ன மீன்பிடித் துறைமுகம், நீல வண்ணப் படகுகள், ஏலக்கூடத்துக்குப் பக்கத்திலேயே மீன் சுட்டுக் கொடுக்கும் கடைகள். துறைமுகச் சுவரின் ஓரத்தில் தொடங்கி விரிகுடாவுக்குள் வளைந்து ஓடும் அலைதான் ஊரின் பெருமை. அவசரமே இல்லாத, சாய்ந்த, மென்மையான வலது அலை. நல்ல நாளில் அரை கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நீளமான போர்டில் ஏறினால் ஒரே அலையில் எழுந்து, திரும்பி, வேகம் குறைத்து, மறுபடி முகத்துக்கு ஏறி, அடி வைத்து முன்னால் நடந்து பார்க்கக்கூட நேரம் இருக்கும். ஒரு மணி நேரம் வேறு கடற்கரையில் கற்பதை அங்கே ஒரு அலையில் கற்கலாம் என்பது மிகையல்ல. நடுத்தர நிலையில் இருக்கிற யாருக்கும் இந்த அலையைத் தவறவிடாதீர்கள் என்று கெஞ்சிக்கூடச் சொல்வேன். விரிகுடா உள்ளடங்கி இருப்பதால் வெளியே கடல் பெரிதாக இருந்தால்தான் இங்கே நன்றாக வேலை செய்யும். தகாஸூத் பயமுறுத்தும் நாளில் இங்கே வரவேண்டியது அதனால்தான்.

அப்படியானால் இம்சுவானிலேயே தங்கிவிடலாமே? இரண்டு காரணங்களால் வேண்டாம். வெளியே அலை சிறியதாக இருக்கும் வாரத்தில் விரிகுடா குளம்போலக் கிடக்கும், பக்கத்தில் மாற்றும் குறைவு. இன்னொன்று, 2024 ஜனவரியில் கரையோரத்தில் அனுமதியின்றிக் கட்டப்பட்டவை என்று சொல்லி, மிகக் குறுகிய அவகாசத்தில் வீடுகளையும் விடுதிகளையும் அதிகாரிகள் இடித்துத் தள்ளினார்கள். தலைமுறைகளாக அங்கே இருந்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி. பழைய பயணக் குறிப்புகளில் புகழ்ந்திருக்கும் பல இடங்கள் இன்று இல்லை. அறை எடுக்குமுன் விடுதியோடு நேரடியாகப் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். முடிந்தால் உள்ளூர்க்காரர் நடத்தும் இடத்திலேயே தங்கிச் சாப்பிடுங்கள்.

எஸ்ஸவீராவை அழகுக்காகப் பலர் பரிந்துரைப்பார்கள். 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மதில்சூழ் பழைய நகரம், பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் அது காற்றின் ஊர். கைட்சர்ஃபிங், விண்ட்சர்ஃபிங் செய்பவர்களுக்குச் சொர்க்கம். நமக்கு வேண்டிய கண்ணாடிபோன்ற காலைக் கடல் அங்கே அரிது. துணைவர் ஊர் சுற்ற, நீங்கள் விரிகுடாவில் அடிப்படை பழக என்றால் இரண்டு நாள் போதும். தெற்கே சிதி கவ்கியும் அப்படித்தான்.

அகாதிருக்குத் தெற்கே மிர்லெஃப்டும், 1969 வரை ஸ்பெயினிடம் இருந்த சிதி இஃப்னியும் அமைதியான மாற்றுகள். கூட்டம் பிடிக்காதவர்கள், மூன்று நான்கு நண்பர்கள் கார் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் யோசிக்கலாம். கரை அலையை நேராக வாங்குவதால் ஜனவரியில் கையாள முடியாது, அக்டோபரில் அருமை. எஸ்ஸவீராவுக்கு வடக்கே சஃபியில் உள்ள அலை உலகத் தரம், நமக்கானதல்ல. காசாபிளாங்காவுக்குத் தெற்கே வாலிதியாவின் காயல் குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் ஏற்றது. தக்லா மேற்கு சகாராவில் இருக்கிறது. மொராக்கோவின் கட்டுப்பாட்டில் உள்ள, ஐ.நா. இன்னும் தீர்வுகாணாத நிலப்பகுதி. பயணக் காப்பீடு அங்கே செல்லுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கைட்சர்ஃபிங் காரர்கள் போகட்டும்.

நம்மூர்க் கடலிலிருந்து போகிறவர்களை நிஜமாகவே தடுமாற வைப்பவை இரண்டு. முதலாவது ஓதம். சென்னைப் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான், நாம் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மொராக்கோவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டர் வரை மாறும். காலையில் அருமையாக ஓடிய அலை மூன்று மணி நேரத்தில் காணாமல் போகும், மணலாக இருந்த இடத்தில் பாறை தலைநீட்டும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் எங்கேயும் இறங்கக் கூடாது. இரண்டாவது குளிர். குளிர்காலத்தில் நீர் 16, 17 டிகிரி. உடலை ஒட்டி அணியும் ரப்பர் உடையான வெட்சூட் வேண்டும். அக்டோபரில் 3/2, அதாவது உடம்பில் 3, கைகால்களில் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது போதும். ஜனவரிக்கு 4/3 வேண்டும். வெட்சூட் போட்டுத் துழாவினால் தோள் சீக்கிரம் சோர்ந்துவிடும். போவதற்கு முன் இரண்டு மாதம் நீச்சல் அடித்துத் தோளைத் தயார்செய்தால் அந்தப் பயணமே வேறாக இருக்கும்.

கடிகாரமும் வேறு. மொராக்கோ ஆண்டின் பெரும்பகுதி கிரீன்விச் நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. ரமலானில் மட்டும் பின்னுக்கு வரும். அதனால் டிசம்பர், ஜனவரியில் அகாதிரில் எட்டரை மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். விடியற்காலை ஐந்தரைக்குக் கடலில் இறங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சர்ஃப் கேம்ப்பா, தனி அறையா? அலையைத் தானே படிக்கத் தெரியாத யாருக்கும் முதல் பயணத்தில் கேம்ப்தான். அறை, சாப்பாடு, போர்டு, வெட்சூட், கடற்கரைக்கு வண்டி எல்லாம் சேர்ந்து வரும். அதைவிட முக்கியம், இன்று எந்தக் கரை என்பதை உள்ளூர்க் கண் ஒன்று தீர்மானிக்கும். பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், தினமும் கரையை மாற்றுவார்களா அல்லது வாரம் முழுக்க ஒரே கடற்கரையா, நடுத்தர நிலையாளருக்குத் தனிக் குழு உண்டா. எழுந்து நிற்கத் தெரிந்தவரையும் நேற்று வந்தவரையும் ஒரே நுரையில் விடும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சைவ உணவு முன்கூட்டிச் சொன்னால் பிரச்சினையே இல்லை. மண்சட்டியில் வேகவைக்கும் காய்கறித் தஜின், அவரைப் பருப்பில் செய்யும் பிஸாரா சூப், நம் வீச்சு பரோட்டாவைப் போலவே மடித்துச் சுடும் ம்செமென், அதில் தடவ பாதாமும் ஆர்கன் எண்ணெயும் தேனும் கலந்த அம்லு. காலையில் அதைச் சாப்பிட்டால் மதியம்வரை கடலில் தாங்கும்.

போர்டு கொண்டுபோவதா என்றால், இரண்டு விமானம் மாறுவதாக இருந்தால் வேண்டாம். தகாஸூத்திலும் தம்ராக்திலும் வாடகைக்கு எல்லா அளவும் கிடைக்கும். பொருந்துகிற வெட்சூட் மட்டும் சொந்தமாக இருந்தால் எடுத்துப் போங்கள். வாடகை வெட்சூட் தளர்ந்திருந்தால் குளிர் உள்ளே வந்துவிடும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய் அல்லது அபுதாபி வழியாகக் காசாபிளாங்கா, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் அகாதிர். ரயில் மராகேஷோடு நின்றுவிடும். அதற்குப் பின் பேருந்தில் மூன்று, மூன்றரை மணி நேரம். லண்டன், பாரிஸ் பக்கம் வாழும் தமிழர்களுக்கு நேரடியாக அகாதிருக்கே நான்கு மணி நேரத்துக்குள் விமானம் உண்டு, ஒரு வார விடுப்பே போதும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா கிடைக்கிறது, அரசுத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். மொராக்கோ நாணயமான திர்ஹாமை வெளிநாட்டில் வாங்கிப் போவதைவிட அங்கே இறங்கி ஏடிஎம்மில் எடுப்பது எளிது. சிறு கடைகளுக்கும் பகிர்வு டாக்ஸிக்கும் ரொக்கம்தான். காப்பீட்டில் சர்ஃபிங் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பொடி எழுத்தையும் படித்துவிடுங்கள்.

பத்து நாள் கையில் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். நவம்பர் முதல் வாரத்தில் தம்ராக்தில் ஏழு இரவு கேம்ப். முதல் இரண்டு நாள் பனானா பீச்சில் நீரையும் ஓதத்தையும் பழகிக்கொள்வது, அதன்பின் டெவில்ஸ் ராக், சிறிய நாள் வந்தால் ஆங்கர் பாயின்டின் உட்பகுதி. இம்சுவானுக்கான இரண்டு இரவை முன்கூட்டித் தேதி குறிக்காமல், முன்னறிவிப்பில் பெரிய அலை தெரிந்ததும் அறைக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புவது. அறை கிடைக்காவிட்டால் நண்பர்களோடு ஒரு டாக்ஸி பேசி ஒரே நாளில் போய்வரலாம். விடியும் முன் புறப்பட்டால் மற்ற கேம்ப்களின் வண்டிகள் வந்து சேர்வதற்குள் விரிகுடாவில் இறங்கிவிட முடியும். மீதமுள்ள ஒரு நாள் மராகேஷுக்கு. கடல் நன்றாக இருந்தால் அதையும் வெட்டிவிட்டு இன்னொரு காலை அலைக்குக் கொடுத்துவிடுங்கள்.